பன்னிரண்டு மணிக்குள் ஒரு கையெழுத்து

மேனேஜர் போனை வைத்துவிட்டு, "ரெண்டு!" என்று கத்தியதோடு போன வாரம் விட்டிருந்தோம். அந்தக் கத்தலில் எதிர் ஃப்ளாட்டின் கதவு திறந்தது. விபரீதம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு மூடிக்கொண்டது.

இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மேனேஜர் என்பவள் எந்தக் கம்பெனிக்கும் மேனேஜர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தோதாக ஃபிரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் சகலமும் அவள் கையில் என்பதால் கணவன் வைத்த பெயர் அது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், ஐந்து வயது. நின்ற இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் சுண்டெலி.

சுண்டெலிக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். இந்த நகரத்தில் அதற்குக் குலுக்கல். ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்கு விழுந்தது காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தோராவது இடம். மெக்கானிக் அன்றைக்கே ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டான். மேனேஜர் விடுவாளா? ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி 41 என்று எழுதினாள். செவ்வாய்தோறும் பத்தேகால் மணிக்குப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். யாரோ ஊர் மாறிப் போனார்கள், யாரோ வேறு பள்ளியில் சேர்ந்தார்கள். 41 போய் 33 வந்தது, 19 வந்தது, ஒரு மாதம் முழுக்க 12 நகரமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. நேற்று 2.

ஊரில் வேறு பள்ளியே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு பள்ளியில்தான் பிள்ளைகளைச் சாயங்காலம் ஆறு மணி வரை வைத்துக்கொள்வார்கள். மற்றவை எல்லாம் மதியம் ஒரு மணிக்கே மணியடித்துவிடும். மேனேஜரின் கடை மூடுவது ஐந்தரைக்கு. அடுத்த மாதம் அவளைக் கண் பரிசோதிக்கும் அறைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அவள் கண் வைத்திருந்த அறை. பள்ளி கிடைத்தால் அந்த அறை. இப்போது சுண்டெலியை வைத்துக்கொள்கிற காப்பகம் ஐந்து வயதோடு சரி என்பதால், கிடைக்காவிட்டால் வேலையையே விட வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

இன்னும் ஒரு விஷயம்தான் பாக்கி. நேற்று ஓர் இடம் காலியாகி, முதல் எண்காரர்களுக்குத் தகவல் போயிருக்கிறது. இன்று பன்னிரண்டு மணிக்குள் அவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே அந்த இடத்தை அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடும். அடுத்த எண் சுண்டெலி.

காலையில் மேனேஜர் சுண்டெலிக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அவங்க வருவாங்களா?"

"யாரு?"

"ஒண்ணாம் நம்பர்."

"எனக்கெப்படித் தெரியும்? என்கூடப் படிச்சவங்களா?"

"வர்றவங்களா இருந்தா நேத்தே ஓடி வந்திருப்பாங்க. நானா இருந்தா வாசல்லயே படுத்திருப்பேன். வேற எங்கயோ கிடைச்சிருக்கும். வரமாட்டாங்க பாருங்க."

"வரமாட்டாங்க" என்றான் மெக்கானிக், பல் தேய்த்துக்கொண்டே. மனைவி ஆசைப்படும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது எட்டு வருஷத்தில் அவன் கற்ற பாடம்.

"அந்த ஸ்கூல்ல லிஃப்ட் இருக்காப்பா?" என்றாள் சுண்டெலி.

"இருக்கும்மா. ஆனா டீச்சருங்களுக்கு மட்டும்."

"அப்ப நான் டீச்சராச் சேர்ந்துக்கறேன். டீச்சருக்குக் குலுக்கல் இல்லல்ல?"

மெக்கானிக்குக்குப் புரையேறியது.

பத்து ஐம்பதுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், அந்த ஏரியாவைப் பார்க்கிறவனுக்குக் காய்ச்சல், நீ போ என்றார்கள். முகவரி குறுஞ்செய்தியில் வந்தது. மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தான். ஃபிரிட்ஜ் தாளின் தலையில் எழுதியிருக்கிற அதே பள்ளி, அதே முகவரி.

மனைவிக்குச் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்றும் தெரியும். "நேர்ல போறீங்கல்ல, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்." லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவன் சீட் கேட்டால், சீட்டுக்காக லிஃப்டை நிறுத்தி வைத்தவன் மாதிரி ஆகிவிடும். சொல்லாமலே வண்டியைக் கிளப்பினான்.

பதினொன்று பதினைந்துக்குப் பள்ளிக்குள் நுழைந்தான். வாசல் காவலாளி அவனை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். லிஃப்ட் முதல் மாடிக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்றிருந்தது. மெக்கானிக் கதவைத் தட்டினான்.

"உள்ள யாருங்க? மூச்சு விடச் சிரமமா இருக்கா?"

"மூச்சுக்கெல்லாம் குறைச்சல் இல்ல தம்பி" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது. "ஃபேன் ஓடுது, லைட் எரியுது. நான் நல்லா இருக்கேன். என் கம்ப்யூட்டர்தான் பன்னெண்டு மணிக்கு மூடிக்கும்."

"எந்த கம்ப்யூட்டரும்மா?"

"அட்மிஷன் கம்ப்யூட்டர். இன்னைக்கு ஒருத்தர் கையெழுத்துப் போட வரணும். ரெஜிஸ்டர் என் கையில இருக்கு. பிரின்சிபால் ரூம்ல இருந்து எடுத்துக்கிட்டு இறங்கினேன், பாதி வழியில நின்னுருச்சு. படியில நடந்தே வந்திருக்கலாம். முழங்கால் வலின்னு சோம்பேறித்தனம் பண்ணினேன் பாருங்க, எனக்கு வேணும்."

செவ்வாய்க்கிழமைகளில் மேனேஜர் போனில் பேசுகிற அட்மிஷன் அம்மா இவர்தான். மெக்கானிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஆள் மாட்டிய லிஃப்டைத் தனியாகத் தொடக்கூடாது. ஒருவர் மொட்டை மாடி மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நகர்த்த வேண்டும். இன்னொருவர் கதவருகில் நின்று, தளத்துக்குச் சமமாக வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஆளாக அனுப்பப்பட்டவனுக்கு மெக்கானிக் போன் செய்தான்.

"மேம்பாலத்துல மாட்டிக்கிட்டேன்" என்றான் அவன். "வர பன்னெண்டேகால் ஆயிரும்."

"பரவால்ல, நிதானமா வா."

நிதானமா வா என்று மெக்கானிக் தன் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவனுக்கே காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று ஒருவன் ஏறி வந்தான். சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி, காதோரத்தில் கூட ஒரு பொட்டுப் பெயிண்ட். மார்போடு ஒரு பிளாஸ்டிக் உறை.

"அண்ணே, அட்மிஷன் ஆபீஸ் பூட்டியிருக்கே. அந்த அம்மா எங்க?"

காவலாளி லிஃப்ட் கதவைக் காட்டினார்.

"ஐயையோ. எப்ப வெளிய வருவாங்க?"

காவலாளி மெக்கானிக் பக்கம் தலையைத் திருப்பினார். பெயிண்டர் மெக்கானிக்கைப் பார்த்துப் பேசினான். "அட்ரஸுக்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து ஒண்ணு வேணும்னாங்க. மனுஷன் ஊருக்குப் போயிட்டு இன்னைக்குக் காலையிலதான் வந்தார். வேலையப் பாதியில போட்டுட்டு ஓடி வர்றேன். அறுபத்தி மூணாவது நம்பர்ல இருந்தோம்ணே. ஒவ்வொண்ணா ஏறி வந்தோம்."

"நாங்க நாப்பத்தொண்ணு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது மெக்கானிக்குக்கு. விழுங்கினான்.

"மேல போய்ப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினான்.

மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தான். பிறகு செய்ய எதுவுமில்லாத மாதிரி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான். மணி பதினொன்று முப்பத்தைந்து. எதிரே ஆணியில், லிஃப்டின் ரிப்பேர் விவரம் எழுதுகிற லாக் புக் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி சன்னலைப் பார்த்தான்.

அவனுக்கு ஆசையாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, வெறும் ஆசைதான். அவன் எதையும் செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். விதிப்படி நடந்தான் என்று கம்பெனி பாராட்டும். சுண்டெலிக்குப் பள்ளி, மேனேஜருக்குக் கண் பரிசோதனை அறை. யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

இருந்தும் தனியாக உட்கார முடியவில்லை. மனைவிக்குப் போன் போட்டான்.

"ஏங்க, நாலு தடவை போன் பண்ணிட்டேன், அந்த ஆபீஸ்ல யாரும் எடுக்கல" என்றாள் எடுத்த எடுப்பில்.

"எடுக்கமாட்டாங்க."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"எடுக்கறவங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டிருக்காங்க. நான் அதுக்கு மேல உக்காந்திருக்கேன்."

எதிர்முனையில் ஒரு ஃபிரேம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரெஜிஸ்டர், பெயிண்டர், அறுபத்து மூன்று, மேம்பாலம், பன்னிரண்டேகால்.

"அப்ப ரெண்டு ஆள் இல்லாம தொடக்கூடாது" என்றாள் மெதுவாக.

"தொடக்கூடாது."

"ரூல் அப்படித்தானே?"

"ரூல் அப்படித்தான்."

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்த ரூல் மேல் திடீரென்று அப்படியொரு மரியாதை.

பிறகு அவள்தான் பேசினாள். "ஏங்க, அந்தக் கடைசிப் பக்கம்?"

"எந்தக் கடைசிப் பக்கம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒவ்வொரு கட்டடத்துலயும் ஒருத்தருக்காவது இந்த வேலையச் சொல்லிக் குடுத்து, லாக் புக் கடைசிப் பக்கத்துல பேர் எழுதி வைக்கணும், அவசரத்துக்கு அந்த ஆளை ரெண்டாவது ஆளா நிறுத்திக்கலாம், எவனும் எழுதறதில்லன்னு எட்டு வருஷமா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி புலம்பறீங்களே. அந்தப் பக்கம்."

"இன்னும் பாக்கல."

"பாருங்க."

"பாத்து..."

"யாரும் இல்லன்னா அது நம்ம அதிர்ஷ்டம். இருந்தா அந்தப் பெயிண்டர் அதிர்ஷ்டம். பாக்காம மட்டும் உக்காராதீங்க. அப்புறம் தினம் ஆறு மணிக்கு சுண்டெலியைக் கூப்பிட அந்த வாசலுக்குப் போறப்பல்லாம் எனக்கு அந்தப் பக்கந்தான் ஞாபகம் வரும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

மெக்கானிக் எழுந்து லாக் புக்கை எடுத்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது, யாரும் இருக்கக்கூடாது என்று ஒரு கணம் மனசார வேண்டிக்கொண்டான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு வரி இருந்தது. வாசல் காவலாளி, முழுப் பயிற்சி பெற்றவர், தேதி, கையெழுத்து. எல்லாம் போன வருஷம் எழுதியது. காய்ச்சலில் படுத்திருக்கும் ஏரியாக்காரன், சோம்பேறி என்று கம்பெனியே சிரிக்கிற ஆள், ஊரில் இந்த ஒரு லாக் புக்கை மட்டும் ஒழுங்காக எழுதித் தொலைத்திருந்தான்.

மாடிப்படியின் வளைவில் நின்று மெக்கானிக் கீழே பார்த்துக் குரல் கொடுத்தான். "ஐயா! உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்காங்களா?"

"எப்பவோ ஒரு நாள் சொல்லிக் குடுத்தாங்க சார்" என்றார் காவலாளி கூச்சத்தோடு. "நீங்க கம்பெனி ஆள், உங்ககிட்டப் போய் நான் எப்படி..."

"என்ன ஞாபகம் இருக்கு?"

"கதவத் தொடக்கூடாது. யாரையும் கிட்ட விடக்கூடாது. தரை மட்டத்துக்கு வந்ததும் போன்ல நிறுத்துன்னு சொல்லணும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு மெக்கானிக் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைப் பிடித்தான். அதற்கப்புறம் அவன் சீட்டையும் நினைக்கவில்லை, சுண்டெலியையும் நினைக்கவில்லை. சக்கரம் கையில் இருக்கும்போது வேறு நினைப்பு வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினான். போனில் காவலாளி பயபக்தியோடு, "வருது... வருது... இன்னும் ஒரு சாண்... நாலு விரக்கடை... நிறுத்துங்க சார்!" என்றார். பிரேக்கைப் பூட்டிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினான். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

அட்மிஷன் அம்மா ரெஜிஸ்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "அப்புறம் நன்றி சொல்றேன் தம்பி" என்று ஒரு பக்கமும், "வாய்யா, ஏன் முழிச்சுக்கிட்டு நிக்கிற!" என்று இன்னொரு பக்கமும் சொல்லிவிட்டுப் படியில் விடுவிடுவென்று இறங்கினார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஐம்பத்தேழுக்குப் பெயிண்டர் கையெழுத்துப் போட்டான். ரெஜிஸ்டரில் அவன் கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. "கையைத் தொடைச்சிட்டுப் போடக்கூடாதா?" என்று அந்த அம்மா திட்டத் திட்ட அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர்.

மெக்கானிக் முதல் மாடியில் மண்டியிட்டுக் கதவின் அடிப்பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கோளாறு அங்கேதான் இருந்தது. யாரோ ஒரு டீச்சர் கையிலிருந்து விழுந்த சிவப்பு மெழுகு பென்சில் துண்டு. கதவை அழுந்த மூடவிடாமல் அது தடுக்க, ஓட்டத்தில் கதவு ஆடி, லிஃப்ட் நின்றிருக்கிறது. பெயிண்டர் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றிண்ணே. என்ன சொல்றதுன்னே தெரியல. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காண்ணே?"

"ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."

"எந்த ஸ்கூல்?"

"பாத்துக்கிட்டிருக்கோம்" என்றான் மெக்கானிக்.

வேலை முடிந்த தாளில் கையெழுத்து வாங்க அவன் அட்மிஷன் அறைக்குப் போனான். கையில் கருவிப் பை இருந்ததால் போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

"ஏங்க, பாத்தீங்களா? பேர் இருந்துச்சா?"

அட்மிஷன் அம்மாவின் பேனா நின்றது. "இந்தக் குரல் எனக்குத் தெரியுமே. செவ்வாய்க்கிழமை, பத்தேகால்!"

போன் இருமியது.

அந்த அம்மா தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டாம் நம்பரா தம்பி நீங்க?"

"இப்ப ஒண்ணு."

"பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு மாடிக்குப் போனீங்க. நாப்பத்தஞ்சு வரைக்கும் ஒரு சத்தமும் வரல. உள்ள நின்னுக்கிட்டு மணி பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பத்து நிமிஷம் யோசிச்சேன்மா" என்றான் மெக்கானிக். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் தலையசைத்தார். "நான் ஒண்ணும் பண்ண முடியாது, தெரியும்ல? பட்டியல்னா பட்டியல்தான்."

"நாங்க ஒண்ணும் கேக்கலங்க" என்றது போன்.

"கேக்காம இருக்காதீங்க. செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போன் பண்ணுங்க. அந்தப் போன் வராட்டி எனக்கு அந்த வாரமே ஓடாது."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் துக்கம் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுண்டெலி சிவப்பு மெழுகுத் துண்டால் தரையில் லிஃப்ட் படம் போட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் காவலாளி மாதிரி "நாலு விரக்கடை... நிறுத்துங்க சார்!" என்று நடித்துக் காட்ட, மேனேஜர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள்.

"அழுதியா?" என்று கேட்டான்.

"ரெண்டு நிமிஷம். ஸ்டாக் ரூம்ல. அப்புறம் ஒருத்தர் கண்ணாடி காதை அறுக்குதுன்னு வந்துட்டார்." ஃபிரிட்ஜ் தாளில் 2-ஐ அடித்துவிட்டு 1 என்று எழுதினாள். "நல்லாத்தான் இருக்கு பாக்கறதுக்கு."

"ஒண்ணுன்னா ஜெயிச்சுட்டோமாம்மா?" என்றாள் சுண்டெலி.

"இன்னும் இல்லடி."

மேனேஜருக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. கடையிலிருந்து வரும் வழியில் கீழே தபால் பெட்டியில் எடுத்த உறையை அப்போதுதான் ஞாபகம் வந்து பிரித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவள், பொடி எழுத்து வரை படித்து முடித்து, மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

தெருக்கோடிப் பள்ளி. குலுக்கலில் மூன்றாவது விருப்பமாகப் போட்டு மறந்துபோனது. ஓர் இடம் காலியாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மற்ற எல்லாப் பட்டியலிலிருந்தும் பெயர் போய்விடும். அந்தப் பள்ளி ஒரு மணிக்கு விட்டுவிடும்.

கையில் வந்த பள்ளியா, பட்டியலில் முதல் எண்ணா? மெக்கானிக் ஃபிரிட்ஜைப் பார்த்தான். இப்போதுதான் எழுதிய 1 பளிச்சென்று இருந்தது.

"வெள்ளி வரைக்கும் டைம் இருக்குல்ல" என்றான். "நிதானமா யோசிப்போம்."

"நிதானமாவா?" மேனேஜர் கடிதத்தின் அடிவரியில் விரலை வைத்தாள். உங்களுக்கு அடுத்துக் காத்திருப்போர்: இருபத்தாறு பேர்.

"இங்க இப்ப நாமதாங்க பெயிண்டர்" என்றாள்.

இதே நகரத்தில், எந்தத் தெருவிலோ ஒரு வீட்டில், ஒருத்தி மகளுக்கோ மகனுக்கோ தலை வாரிக்கொண்டே கணவனிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் குரல் மேனேஜரின் காதில் விழுந்தது போலவே இருந்தது.

"ஏங்க, அவங்க வருவாங்களா?"